ஆடா, ஆளா?

அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் ஏதோ காட்டுச் செடி என்றுதான் தோன்றும். மண்ணிலிருந்து ஒரு தண்டு, அதிலிருந்து நாலு பக்கமும் பிரியும் மெல்லிய கிளைகள், பச்சையும் பழுப்புமாய் நிறம். கூர்ந்து பார்த்தால்தான் அது கம்பி ஆன்டெனா என்று தெரியும். மண்ணுக்குள், கண்ணில் படாமல், ஈட்டி முனை கொண்ட ஒரு உலோக உருளை புதைந்திருக்கிறது. உள்ளே ஒரு ஜியோபோன், கொஞ்சம் மின்சுற்று, ஒரு ரேடியோ, பேட்டரி. விமானத்திலிருந்து போட்டால் தானாகவே தரையில் குத்தி நின்று, பக்கத்தில் நடப்பவர்களின் காலடி அதிர்வைக் கேட்க ஆரம்பித்துவிடும். பேட்டரி தீரும்வரை சில வாரங்கள் கேட்டுக்கொண்டிருக்கும். ஆட்சிட் என்று பெயர். 1960களின் கடைசியில் அமெரிக்க விமானப்படை இவற்றை லாவோஸ் காடுகளில் ஆயிரக்கணக்கில் விதைத்தது.

இந்தப் படத்தைத் தேடிப் போனதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் காட்டில் என்ன இருந்தது என்று பார்ப்போம். வட வியட்நாம் 1959 மே மாதம் ஒரு போக்குவரத்துப் படைப்பிரிவைத் தொடங்கியது. தொடங்கிய ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து 559 என்றே பெயர் வைத்தார்கள். தெற்கே போரிடுபவர்களுக்கு அரிசி, துப்பாக்கி, மருந்து, ஆட்கள் எல்லாம் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. முதலில் தலைச்சுமை, பிறகு சைக்கிள். சைக்கிள் என்றால் ஓட்டுவதற்கு அல்ல, மூட்டை ஏற்றித் தள்ளுவதற்கு. அதன் பிறகு லாரி. வியட்நாமுக்கும் லாவோஸுக்கும் நடுவே நீளும் மலைத்தொடரை ஒட்டி, பெரும்பாலும் லாவோஸ் மண்ணில், இந்தப் பாதைகள் கிளை விட்டுக்கொண்டே போயின. அமெரிக்கர்கள் ஹோ சி மின் பாதை என்றார்கள். வியட்நாமியர்களுக்கு அது மலையின் பெயரால் த்ரூவோங் சோன் சாலை. பாதை என்ற ஒருமையே தப்பு. போர் முடியும்போது மொத்த நீளம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது என்பது வியட்நாம் தரப்புக் கணக்கு. ஒரு வழியில் குண்டு விழுந்தால் இன்னொரு வழி. நெட்வொர்க் படித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இதை அடைக்க என்ன வழி?

1966 கோடையில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்நமாரா இந்தக் கேள்வியைத் தளபதிகளிடம் விடாமல் விஞ்ஞானிகளிடம் கொண்டுபோனார். ஜேசன் என்ற ஆலோசனைக் குழுவின் இயற்பியலாளர்களும், பாஸ்டன் பக்கத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் சேர்ந்து 60க்கும் மேற்பட்டோர் அந்த விடுமுறையில் உட்கார்ந்து யோசித்தார்கள். இவர்கள் போர் வெறியர்கள் இல்லை. சொல்லப்போனால் நேர் எதிர். வட வியட்நாம் மீது நடக்கும் குண்டுவீச்சால் தெற்கே சரக்கு போவது அளக்கும்படியாகக் குறையவில்லை என்று ஆகஸ்ட் மாத இறுதியில் எழுத்திலேயே கொடுத்தவர்கள். அதற்கு மாற்றாகத்தான் ஒரு யோசனை சொன்னார்கள். ஊர்களின் மேல் குண்டு போடுவதை விட்டுவிட்டு, பாதையின் குறுக்கே ஆளில்லாத ஒரு வேலி கட்டலாம். கம்பியால் அல்ல, காதுகளால்.

கடற்படையிடம் ஏற்கெனவே ஒரு காது இருந்தது. நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்கக் கடலில் மிதக்கவிடும் சோனோபாய். அதையே மாற்றியமைத்து பாராசூட்டில் கட்டிக் காட்டுக்குள் போட்டால் மரக்கிளையில் தொங்கிக்கொண்டு லாரி சத்தத்தைக் கேட்கும் அல்லவா? குட்டித் துணிப் பொட்டலம் போலிருக்கும் கிராவல் கண்ணிவெடிகளை வழி நெடுகத் தூவுவது. அதனுடன் பொத்தான் அளவு பட்டாசுகளையும் தூவுவது. ஆளைக் கொல்லும் சக்தி அந்தப் பட்டாசுக்குக் கிடையாது. மிதித்தால் வெடிக்கும், அந்தச் சத்தத்தை மரத்தில் தொங்கும் காது கேட்கும், அவ்வளவுதான் அதன் வேலை. மாதத்துக்கு 2 கோடி கிராவல், இரண்டரைக் கோடி பொத்தான், 1,600 ஒலி சென்சார் என்று பட்டியல் போட்டார்கள். ஆண்டுச் செலவு சுமார் 80 கோடி டாலர்.

இந்த அறிக்கையைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஒரு சங்கடம் வந்தது. நல்ல டிசைன் டாக்குமென்ட் படிக்கும்போது வரும் மகிழ்ச்சியும் கூடவே வந்ததுதான் சங்கடத்துக்குக் காரணம். எதிரி எப்படியெல்லாம் ஏமாற்றுவான் என்பதைக்கூட அவர்கள் யோசித்திருந்தார்கள். குண்டுவீச்சுக்குப் பதிலாக என்று நினைத்துத்தான் அதை எழுதினார்கள். வாங்கிக்கொண்டவர்களோ குண்டுவீச்சோடு சேர்த்து என்று படித்தார்கள்.

ஆல்ஃபிரட் ஸ்டார்பேர்ட் என்ற தளபதியின் கீழ் ஒரு தனி அமைப்பு உருவானது. அதற்கு வைத்த பெயர் பாதுகாப்புத் தகவல் தொடர்புத் திட்டக் குழு. கேட்டால் தொலைபேசி இலாகா என்று நினைப்பீர்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். ஒன்றரை வருடத்துக்குள் பொருட்கள் களத்துக்கு வந்துவிட்டன. திட்டத்துக்குப் பல பெயர்கள் மாறிக் கடைசியில் நின்றது இக்ளூ ஒயிட். தாய்லாந்தின் கிழக்கு எல்லையில், மேகோங் ஆற்றுக்குப் பக்கத்தில், நகோன் பனோம் விமானதளத்தில் அதன் மூளை. ஏசி போட்ட பெரிய கட்டடம், உள்ளே ஐபிஎம் 360/65 கம்ப்யூட்டர்கள். வெளியே நின்ற ஆன்டெனாவின் உருவத்தைப் பார்த்து அங்கிருந்தவர்கள் 'டச்சு மில்' என்று கூப்பிட்டார்கள்.

இனி நிறுவும் வேலை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். காரணம், சென்சார் செய்வது சுலபம், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். எங்கள் துறையில் இன்றும் அப்படித்தான்.

ஒரு சென்சார் தனியாக இருந்தால் அதனால் பிரயோஜனம் இல்லை. எதோ அதிர்ந்தது என்று மட்டும் சொல்லும். மழையா, மரம் விழுந்ததா, மானா, லாரியா, அதற்குத் தெரியாது. அதனால் சாலையை ஒட்டி வரிசையாக நாலைந்து போடுவார்கள். முதலாவது அதிர்ந்து, சில நிமிடம் கழித்து இரண்டாவது, அதே இடைவெளி கழித்து மூன்றாவது அதிர்ந்தால் ஏதோ ஒன்று சாலையோடு நகர்கிறது. எது முதலில் அதிர்ந்தது என்பதை வைத்துத் திசை. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். வேகம் தெரிந்தால் லாரியா ஆளா என்று ஊகிக்கலாம். எவ்வளவு நேரம் அதிர்ந்துகொண்டே இருந்தது என்பதை வைத்து எத்தனை வண்டி என்று சொல்லலாம். எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் இரண்டு சென்சார்களுக்கு நடுவே எத்தனை மீட்டர் என்று தெரிந்தால் மட்டுமே கணக்கு வேலை செய்யும். விமானத்திலிருந்து, மூடிய காட்டுக்குள், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே போட்ட பொருள் எந்த மரத்தடியில் போய் நின்றது என்று யார் சொல்வது?

முதலில் இந்த வேலை விஓ-67 என்ற கடற்படை விமான அணியிடம் வந்தது. நெப்டியூன் என்ற பழைய விமானங்கள். நீர்மூழ்கி தேடுவதற்காகச் செய்யப்பட்டவை, வேகம் குறைவு. சென்சார் சரியான இடத்தில் விழ வேண்டுமென்றால் தாழ்வாக, நேராக, நிதானமாகப் பறக்க வேண்டும். கீழே விமான எதிர்ப்புத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும் அதுவேதான் வேண்டும். 1968 ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதங்களில் மூன்று விமானங்கள் போயின. 20 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த வேலை வேகமான ஃபேன்டம் ஜெட்டுகளுக்கு மாறியது. சென்சார் விழுவதைக் கேமராவில் படமெடுத்து இடத்தைக் கணக்கிட்டார்கள்.

சிக்னலைத் தளத்துக்குக் கொண்டுசேர்க்க மேலே ஒரு விமானம் வட்டமடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கோராட் தளத்திலிருந்து கிளம்பிய பேட்கேட் விமானங்கள் அதைச் செய்தன. 1969 ஏப்ரல் 25 அன்று அதில் ஒன்று புயல் மழையில் கிளம்பியவுடனே விழுந்து 18 பேர் இறந்தார்கள். இவ்வளவு பேர் எதற்கு என்று ஒரு சின்ன விமானத்தை ஆளில்லாமல் பறக்கும்படி வடிவமைத்தார்கள். அதையும் கடைசிவரை உள்ளே ஒரு பைலட் உட்கார்ந்துதான் ஓட்டினார். ஆளில்லா சென்சார் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது என் கதை.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சிறிய நிறுவனம், விருதுநகர் பக்கம் ஒரு சோலார் பூங்காவின் வேலிக்கு அதிர்வு சென்சார் போட்டுக்கொடுத்தது. தாமிர கேபிள் திருட்டு அங்கே பெரிய தலைவலி. எவ்வளவு அதிர்ந்தால் ஆள் என்று எடுத்துக்கொள்வது என்கிற அந்த எல்லைக்கோட்டை எழுதியவன் நான். ஒரு மார்ச் மாதம், மேற்குப்பக்க வேலியில் இரவுக்கிரவு எச்சரிக்கை வந்தது. முதல் இரவு 14ஆம் சென்சார், அடுத்த இரவு 15, அதற்கடுத்த இரவு 16. யாரோ நாள் ஒன்றுக்கு ஒரு பகுதியாக வேலியைத் தட்டிப் பார்த்து நோட்டம் விடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. ஆனால் இரவு வாட்ச்மேன் தன் நோட்டில் எல்லா நாளும் 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தார். ஒன்று தூங்கியிருக்க வேண்டும், அல்லது கூட்டு. அவரை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேறு ஏதோ வேலைக்காகப் பழைய அலைவடிவத் தரவை எடுத்துப் பார்த்தேன். மனிதன் நடந்தால் ஒரு தாளம் இருக்கும். இதில் தாளமே இல்லை. பல சிறிய அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, விடிய விடிய. அவருக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணே, மார்ச்சுல மேக்கால வேலிப் பக்கம் என்ன இருந்துச்சு?"

"கிடை போட்டிருந்தாங்கல்ல தம்பி. அன்னைக்கே சொன்னேனே, ஆடுன்னு. யாரு கேட்டா?"

கிடை தெரியாதவர்களுக்கு: அறுவடை முடிந்த நிலத்தில் இரவு முழுக்க ஆட்டு மந்தையை அடைத்துவைப்பார்கள், புழுக்கைதான் உரம். நிலம் முழுக்க உரம் சேர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு நாளும் கிடையை அடுத்த இடத்துக்கு நகர்த்துவார்கள். 14, 15, 16. என் மென்பொருள் திசையைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தது. நான் மேலே மெயில் போட்டேன். பார்த்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் இதைப் போன்ற பழைய அமைப்புகளைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

சென்சார் பொய் சொல்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 1968 ஜனவரியில் கே சான் தளத்தை வட வியட்நாம் படை முற்றுகையிட்டபோது, லாவோஸுக்கென்று வைத்திருந்த சென்சார்களில் 250க்கும் மேல் எடுத்துச் சில நாட்களில் அந்தக் குன்றுகளைச் சுற்றிப் போட்டார்கள். அங்கே இலக்குகளைத் தீர்மானித்த அதிகாரி கேப்டன் மிர்ஸா முனீர் பெய்க். நம் துணைக்கண்டத்துப் பெயர்தான். அப்பா பாகிஸ்தான் தூதரக அதிகாரி. பிப்ரவரி 3 இரவு சென்சார்கள் மிக அதிகமாக அதிர்ந்தன. ஒரு பெரும் படை 881 தெற்குக் குன்றை நோக்கி வருகிறது என்று பெய்க் கணித்தார். பீரங்கிகள் அந்த இருட்டுக்குள் சுட்டன. தாக்குதல் வரவே இல்லை. அடுத்த இரவு மறுபடி அதிர்ந்தது. இந்தமுறை படை வந்து ஏறியது 861ஏ குன்றில். அதை அவர் கணிக்கவில்லை, பின்னாளில் அதை ஒளிக்கவும் இல்லை. சென்சார் இல்லாவிட்டால் தன் ஆட்களின் இழப்பு ஏறக்குறைய இருமடங்காகியிருக்கும் என்று தளபதி லவுண்ட்ஸ் சொன்னார். நம்புகிறேன். அங்கே சென்சார் சொன்னதை ஒருவர் குன்றின் மேல் நின்று, வரைபடத்தோடு, எதிரியின் பழக்கவழக்கத்தோடு சேர்த்துப் படித்தார். தப்பினால் மறுநாள் காலையிலேயே தெரிந்தது.

லாவோஸில் அந்த மறுநாள் காலை இல்லை. 1968 நவம்பர் தொடக்கத்தில் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சு நின்றது. அந்த விமானங்கள் எல்லாம் லாவோஸ் பக்கம் திரும்பின. மழை ஓய்ந்து சாலை காயும் ஒவ்வொரு பருவத்திலும் கமாண்டோ ஹன்ட் என்ற பெயரில் ஒரு வேட்டை. சென்சார் அதிரும், மேலே வட்டமடிக்கும் விமானம் கடத்தும், கம்ப்யூட்டர் கணக்குப் போடும், லாரி எந்த இடத்துக்கு எப்போது வரும் என்ற எண்கள் விமானிக்குப் போகும். சில நிமிடங்களில் குண்டு. பல இரவுகளில் கீழே என்ன இருந்தது என்று விமானி கண்ணால் பார்த்ததே இல்லை. அந்தப் பாதையை ஒட்டிக் கிராமங்களும் இருந்தன. புரூ போன்ற மலைக்குடிகள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம் அது. வயலுக்குப் போகிறவனின் காலடிக்கும் அரிசி சுமக்கும் சிப்பாயின் காலடிக்கும் ஜியோபோனில் என்ன வித்தியாசம் இருக்க முடியும்? அந்தக் கேள்விக்கு அந்த அமைப்பில் இடமே வைக்கவில்லை. நகர்ந்தால் எதிரி.

எதிர்ப்பக்கம் இருந்தவர்களும் சும்மா இல்லை. அமெரிக்கர்கள் வியர்வை, சிறுநீர் நெடியை மோப்பம் பிடிக்கும் ஒரு கருவியை ஹெலிகாப்டரில் வைத்துப் பறந்தார்கள். அதற்குப் பதிலாகச் சிறுநீர் வாளிகளை மரங்களில் தொங்கவிட்டார்கள். கண்டுபிடித்த சென்சார்களை இடம் மாற்றினார்கள், மாடுகளை ஓட்டிவிட்டார்கள். விமானப்படைக்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் ஒரு கதை உண்டு. மரத்தில் சிக்கிய ஒலி சென்சாரைக் கண்ட சில சிப்பாய்கள் அதை இறக்குவதற்காக மரத்தையே வெட்டுகிறார்கள். நகோன் பனோமில் ஹெட்ஃபோன் மாட்டியவர்கள் கோடரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் மரம் முறியும் ஓசை, கூடவே ஓர் அலறல். மரம் வெட்டியவன் மேலேயே விழுந்துவிட்டது. சிரிப்புக்குரிய கதையாகத்தான் சொல்லப்படுகிறது. ஒரு ஆள் சாவதை இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஏசி அறையில் ஒருவர் கேட்டார் என்பதையும் அதே கதைதான் சொல்கிறது.

சாலையைத் திறந்து வைத்திருந்தவர்களில் பெரும்பங்கு இளைஞர்கள், அதிலும் பெண்கள். குண்டு விழுந்த பள்ளத்தை விடிவதற்குள் மண் போட்டு மூடுவது அவர்கள் வேலை. 1968 ஜூலை 24 அன்று, வட வியட்நாமுக்குள்ளேயே டோங் லோக் சந்திப்பில், அப்படி வேலை செய்துகொண்டிருந்த பத்துப் பெண்கள் ஒரே குண்டில் இறந்தார்கள். யாருக்கும் 25 வயது ஆகவில்லை.

எண்களுக்கு வருவோம். ஒவ்வொரு பருவ முடிவிலும் எத்தனை லாரி அழிந்தது என்று ஓர் அறிக்கை வரும். 1970-71 பருவத்தில் மட்டும் அழித்ததும் சேதப்படுத்தியதுமாக 20,000க்கும் மேல் என்றார்கள். வட வியட்நாமிடம் மொத்தமே அத்தனை லாரி இருக்காது என்று உளவுத்துறைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பகலில் போய்ப் படமெடுத்தால் எரிந்த லாரிகளும் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. அப்படியானால் லாரிகள் எங்கே? லாவோஸ் காட்டுக்குள் ஒரு மாபெரும் லாரி விழுங்கி மிருகம் இருக்கிறது, இரவோடிரவாக வந்து சாப்பிட்டுவிடுகிறது என்று அவர்களுக்குள்ளேயே கிண்டல் செய்துகொண்டார்கள். கணக்கிடும் முறையில்தான் கோளாறு. துப்பாக்கி விமானம் சுட்ட இடத்தில் தீ தெரிந்தால் அழிந்தது, குண்டு பட்டதாகத் தெரிந்தால் சேதம். பட்ட லாரியை ஓட்டுநர் மறுநாள் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டு போவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மேலிடத்துக்கு எண் வேண்டும், கீழிடம் எண் கொடுத்தது. டேஷ்போர்டு பார்த்து வேலை செய்யும் எவருக்கும் இந்த இடம் பழக்கமானதுதான்.

1969 அக்டோபரில் தளபதி வெஸ்ட்மோர்லேண்ட், எதிரியைக் கண்டுபிடித்து, பின்தொடர்ந்து, உடனுக்குடன் தாக்குவதை எல்லாம் கம்ப்யூட்டரும் தகவல் இணைப்புகளும் செய்யப்போகும் போர்க்களத்தைப் பற்றிப் பேசினார். அடுத்த ஆண்டு அமெரிக்க செனட் இதைப் பற்றி விசாரணை வைத்தபோது பாராட்டுதான் அதிகம் கேட்டது. 1972 மார்ச் 30 அன்று வட வியட்நாம் நூற்றுக்கணக்கான டாங்கிகளோடு பெரும் படையெடுப்பைத் தொடங்கியது. ஏப்ரலில் தெற்கே சைகோனுக்கு நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஆன் லோக் ஊரின் தெருக்களில் டாங்கிகள் வந்து நின்றன. லாரியைவிட டாங்கி தரையை எவ்வளவு அதிர வைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவை தெற்கே வந்து சேர்ந்ததைக் காடு முழுக்க இருந்த காதுகள் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அதே ஆண்டு பாரிஸில், நோபல் பரிசு பெற்ற முர்ரே கெல்-மான் துகள் இயற்பியல் பற்றிப் பேச வந்தபோது கூட்டத்தில் இருந்தவர்கள் ஜேசன் பற்றிக் கேட்டார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார். உரை நடக்கவே இல்லை.

போருக்குப் பிறகு சென்சார்கள் ஓய்வெடுக்கவில்லை. 1970லேயே அமெரிக்க எல்லைக் காவல் படை அவற்றை மெக்சிகோ எல்லையில் புதைக்கத் தொடங்கியிருந்தது. 35 வருடம் கழித்து, 2005 டிசம்பரில், அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கையாளர்களே உட்கார்ந்து பார்த்தார்கள். சென்சார் எச்சரிக்கைக்காகக் காவலர்கள் ஓடிய தடவைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் வீண் எச்சரிக்கை. காற்று, மிருகம், உள்ளூர் வண்டி. நல்ல பேட்டரியும் நல்ல சிப்பும் வந்தாயிற்று, ஆடு மட்டும் அப்படியே இருக்கிறது.

1964 முதல் 1973 வரை லாவோஸ் மேல் விழுந்தது 20 லட்சம் டன்னுக்கும் மேல். கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி, அதில் 8 கோடி வெடிக்காமல் மண்ணுக்குள் போயின என்று கணக்கு. அங்கே அவற்றை 'பொம்பி' என்கிறார்கள். அளவு ஒரு டென்னிஸ் பந்து. குழந்தைகள் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

சேபோன் பக்கம், பழைய பாதை ஓடிய அதே மண்ணில், குண்டு அகற்றும் குழுக்கள் இன்றும் வேலை செய்கின்றன. வயலில் நூல் கட்டிக் கோடு பிரித்து, உலோகம் காட்டும் கருவியைத் தரைக்கு மேல் மெதுவாக வீசிக்கொண்டு நடக்கிறார்கள். கருவி எதற்கும் கத்தும். ஆணி, தோட்டா உறை, லாரியின் துண்டு, ஏதோ ஒரு கம்பி. எது பொம்பி என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒருவர் மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, கையாலேயே மண்ணை விலக்கிப் பார்க்கிறார்.